முந்நீர்ச் செலவும் மகளிர் வினையும் – ஒரு நோக்கு

திருகோணமலைக்கு வடக்கே, கடலை அடுத்து அமைந்த திரியாயின் குன்றிலுள்ள பாறைக் கல்வெட்டு கடல் வணிகர் குழுக்களைப் போற்றுகின்றது. பல்லவ கிரந்த எழுத்தில் வடமொழியிற் பொறிக்கப்பட்ட அது கி.பி. 7ஆம் அல்லது 8ஆம் நூற்றாண்டினது என்பர். கலஞ்செலுத்துவதில் வல்லோராய், கொள்வதும் விற்பதும் தொழிலாக உடையோராய் அவ்வணிகர் அதிற் குறிக்கப்படுகின்றனர். கடல் கடந்து பொருள் தேடுதல் இக்கரைக்குப் புதிதன்று. ஆயின், ஒருவர் தொழிலின் பொருட்டுக் கடல் கடக்கும்போது உடன் செல்லும் துணையின் தொழில் யாதாகும்? பழைய இலக்கியமும் இன்றைய குடிவரவுச் சட்டமும் இவ்வினாவுக்குத் தரும் விடைகளை ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முந்நீர் வழக்கம் மகளிரோடு பொருந்தாது என்பது தொல்காப்பிய அகத்திணையியல் கூறும் விதி. முந்நீர் என்பதைக் கடல் எனக் கொள்வாரும், மூவகைப் பிரிவு எனக் கொள்வாரும் உளர். எவ்வாறாயினும், தலைவன் வினைமேற் செல்வான், தலைவி இல்லிருப்பாள் என்பதே பாலைத்திணையின் அடிப்படை.

இதற்குச் சான்றாகப் பலரும் எடுத்தாள்வது பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகை 135ஆம் செய்யுள். ஆடவர் தம் தொழிலால் உயிர்ப்பர், மனைவியரோ கணவரால் உயிர்ப்பர் எனும் கருத்து அதன் முற்பகுதியில் உள்ளது. அதனைத் தமிழர் அறமென மேற்கோள் காட்டுவோர் பிற்பகுதியை மறந்துவிடுகின்றனர். அக்கூற்று புலவருடையதுமன்று, தலைவியுடையதுமன்று. தலைவனே முன்னர்ச் சொன்னது அது. அதனைத் தோழி நினைவூட்டி, அவ்வாறு சொன்னவர் தம் செலவைத் தவிர்ப்பார், அழாதே எனத் தேற்றுகிறாள். ஆடவன் வகுத்த நியதி அவனையே கட்டுப்படுத்தும் வாதமாக மாறுகிறது. ஆகவே இச்செய்யுள் விதியை உரைப்பதன்று. விதியை உரைத்தவனிடமே அதற்குக் கணக்குக் கேட்பது.

இன்றைய குடிவரவுச் சட்டம் மகளிரைக் கடல் கடக்க விடுகிறது. ஆனால் முற்பகுதியின் கருத்தை மட்டும் கைக்கொண்டு, உடன் வருபவரைத் 'தங்கிவாழ்வோர்' எனப் பெயரிடுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் எச்-1பி விசாவில் தொழில் புரிவோரின் துணைவருக்கு நெடுங்காலம் வேலை உரிமை இல்லை. 2015 மே மாதம் நடைமுறைக்கு வந்த விதி, நிரந்தர வதிவிடத்திற்கான படிமுறையில் குறித்த கட்டத்தை எட்டியோரின் துணைவருக்கு மட்டும் அதனை வழங்கியது. அதை எதிர்த்த வழக்கை மேன்முறையீட்டு நீதிமன்றம் 2024இல் நிராகரித்தது. 2025 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அவ்வழக்கை விசாரணைக்கு ஏற்க மறுத்தது. இப்பத்தாண்டும் அவர்கள் உரிமை வழக்கின் நிழலிலேயே நின்றது. சிங்கப்பூரில் 2021 மே முதல், தங்கிவாழ்வோர் வேலைக்கமர்வதற்குப் பொதுவாகத் தனித் தொழில் அனுமதி பெறல் வேண்டும். கனடா 2025 ஜனவரியில் துணைவருக்கான திறந்த வேலை அனுமதியைச் சுருக்கி, உயர்திறன் தொழிலோர், குறித்த பட்டப்படிப்பு மாணவர் ஆகியோரின் துணைவருக்கே பெரும்பாலும் உரியதாக்கிற்று.

இவற்றிற்குத் தம் நாட்டுத் தொழிலாளரைக் காத்தல் காரணமாகக் கூறப்படும். அது புறக்கணிக்கத்தக்க காரணமன்று. எனினும் வரலாறு பிறிதொன்றையும் காட்டுகிறது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் திரட்டப்பட்டபோது மனைவியின் உழைப்பை எவரும் தடுக்கவில்லை, அது வேண்டப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் மலைநாட்டில் வகுக்கப்பட்ட நாட்கூலி ஆடவர்க்கு 54 சதம், மகளிர்க்கு 43 சதம், சிறுவர்க்கு 32 சதம். பிரித்தானியாவிலோ 2024 மார்ச் முதல், பராமரிப்புப் பணிக்குப் புதிதாக வந்தோர் தம் குடும்பத்தை உடனழைத்து வர இயலாதாயிற்று. ஓரிடத்தில் குடும்பம் முழுவதும் உழைப்பாகக் கொள்ளப்பட்டது. ஓரிடத்தில் உழைப்பு ஏற்கப்பட்டுக் குடும்பம் விலக்கப்பட்டது. பிறிதோரிடத்தில் குடும்பம் ஏற்கப்பட்டு உழைப்பு விலக்கப்படுகிறது. மூன்றிலும் அளவுகோல் வேண்டுவோரின் தேவையே.

வேலை விலக்கப்பட்டவர் வேலையற்றிருப்பதில்லை. சமையலும் பிள்ளைப் பராமரிப்பும் அவர் கையிலேயே, அவற்றிற்கு ஊதியமில்லை. கணவன் வேலை இழப்பின் அவர் வதிவிட உரிமையும் ஆட்டங்காணும். மணவாழ்க்கை கொடுமையாயின் வெளியேற வழி குறுகும். கற்ற மருத்துவமும் பொறியியலும் ஆண்டுகள் செல்லச் செல்லத் துருவேறும். வயலிற் களையெடுப்பும் அரிவிவெட்டும் பெண்கள் கையை நம்பியிருக்கும் திரியாய் போன்ற ஊர்களின் மகளுக்குத் 'தங்கிவாழ்வோர்' எனும் பெயர் எத்துணைப் பொருந்தாதது! 1985ஆம் ஆண்டின் வன்செயல்களால் இவ்வூர்த் தமிழர் இடம்பெயர்ந்த பின்னரும், குடும்பங்களைத் தாங்கியதில் அவர்தம் உழைப்பின் பங்கு சிறிதன்று.

புலம்பெயர் தொழிலாளரினதும் அவர்தம் குடும்பத்தினரதும் உரிமைகள் பற்றிய 1990ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் இலங்கை 1996இல் இணைந்தது. தொழில் தெரிவுரிமை அற்ற குடும்பத்தினர்க்கு வேலை அனுமதி பெறுவதில் முன்னுரிமை வழங்குவதைச் சாதகமாகப் பரிசீலிக்குமாறு அதன் 53ஆம் உறுப்புரை கூறுகிறது. ஆயின் தொழிலாளரை ஏற்கும் செல்வ நாடுகள் அதில் இணையவில்லை. அனுப்பும் நாட்டின் கையொப்பம், ஏற்கும் நாட்டின் வாயிலைத் திறவாது.

குறுந்தொகைத் தோழி தலைவன் சொல்லை அவன்மீதே திருப்பினாள். சட்டத்தின் முன்னும் அவ்வினாவே எழுப்பத்தக்கது: ஒருவரைத் தங்கிவாழ்பவராக்கியது அவரது இயல்பா, உமது விதியா? விதியே எனின், துணையை வரவேற்கும் நாடு அவர் தொழிலையும் வரவேற்றல் கடன். அருளாக அன்று, உரிமையாக.