18-வது வரி, ஆனால் எங்கிருந்து எண்ணி?

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், தானே நன்றாக எழுதியிருந்த 15 வரி டாக்ஸ்ட்ரிங்கை அழித்துவிட்டு ஒற்றை வரியாகக் கமிட் செய்திருந்தார். ஏன்ப்பா என்று கேட்டேன். "பில்டு ஃபெயில் ஆகுதுண்ணா. எந்த வரியில தப்புன்னு ஒரு மணி நேரம் தேடினேன், கிடைக்கல. அதான் தூக்கிட்டேன்" என்றார்.

ஸ்ஃபிங்க்ஸ் கொடுத்த எச்சரிக்கையை நானும் பார்த்தேன். கோப்பின் பெயர், ஃபங்ஷன் பெயர், அப்புறம் 18, 'எதிர்பாராத உள்தள்ளல்'. அவ்வளவுதான். கோப்பின் 18-வது வரியில் போய்ப் பார்த்தால் ஒரு இம்போர்ட். சரி, டாக்ஸ்ட்ரிங்கின் 18-வது வரியோ என்றால், அதில் இருப்பதே 15 வரிதான்!

இந்த எண் எங்கிருந்து வருகிறது? ஸ்ஃபிங்க்ஸின் ஆட்டோடாக் நீட்சி நம் மாட்யூலை இம்போர்ட் செய்து, டாக்ஸ்ட்ரிங்கை வெறும் ஸ்ட்ரிங்காக எடுத்துக்கொள்கிறது. அந்த ஸ்ட்ரிங்குக்குத் தான் கோப்பில் எந்த வரியில் இருந்தோம் என்ற நினைவு கிடையாது. பிறகு நெப்போலியன் நீட்சி கூகுள் பாணியை ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட்டாக மாற்றுகிறது. நாம் ஒரே வரியில் எழுதிய ஆர்கியுமென்ட், பெயருக்கு ஒன்று, டைப்புக்கு ஒன்று என இரண்டு வரியாகிவிடும். எண்ணுவது இந்த மாற்றிய பிரதியை வைத்து. அதாவது, நம் கண்ணில் படாத ஒரு பிரதியின் 18-வது வரி.

இன்னொரு கூத்தும் உண்டு. சப்கிளாஸில் மெத்தடை மறுபடி எழுதி டாக்ஸ்ட்ரிங் விட்டுவிட்டால், பேரன்ட் கிளாஸில் உள்ளது வந்துவிடும். தப்பு அங்கே, எச்சரிக்கை சப்கிளாஸ் பெயரில்.

இது தீர்க்க முடியாததா? பைத்தான் 3.8 முதல் ஏஎஸ்டி மாட்யூல், பல வரி ஸ்ட்ரிங் தொடங்கும் வரியைச் சரியாகவே சொல்கிறது. ஆட்ரிபியூட் கமென்ட்களுக்காக ஸ்ஃபிங்க்ஸ் ஏற்கெனவே சோர்ஸைத் திறந்து படிக்கவும் செய்கிறது. சி எக்ஸ்டென்ஷன், ரன்டைமில் உருவாகும் டாக்ஸ்ட்ரிங் போன்றவற்றில் வரி எண் கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். அங்கே ரஸ்ட்டாக் செய்வதைப் பாருங்கள். உடைந்த லிங்க்கைப் பொதுவாக வரியும் பத்தியுமாகச் சுட்டும். மேக்ரோ வழியாக வந்ததால் சரியான இடம் தெரியாவிட்டால், 'லிங்க் இந்த வரியில் இருக்கிறது' என்று அந்த வரியையே அச்சிட்டுவிடும். நேர்மையான பதில் அதுதான். எண் தெரியவில்லையா, வாசகத்தைக் காட்டு.

தப்பான எண்ணைவிட எண்ணே இல்லாதது மேல். எண் இல்லையென்றால் நாமே தேடுவோம். தப்பான எண் நம்மை வேறு இடத்தில் தேட வைக்கும். எச்சரிக்கைகளைப் பிழையாக்கும் 'டபிள்யூ' ஆப்ஷனும் போட்டுவிட்டால், மெர்ஜ் ஆக ஒரே சுலப வழி டாக்ஸ்ட்ரிங்கை அழிப்பது. ஆவணம் எழுத வைக்க வந்த கருவி ஆவணத்தை அழிக்க வைக்கிறது.

அதுவரை ஒரு கைவைத்தியம்: கான்ஃபிக் கோப்பில் ஆட்டோடாக்கின் ப்ராசஸ் டாக்ஸ்ட்ரிங் ஈவென்ட்டுக்கு, நெப்போலியனுக்குப் பிறகு ஓடும்படி ஒரு ஃபங்ஷனை இணைத்து, வரும் வரிகளை 1 முதல் எண் போட்டு அச்சிடுங்கள். 18-ன் அக்கம்பக்கத்தில் தப்பு தெரிந்துவிடும். எங்களுக்கு ஒரு எடுத்துக்காட்டுக்கு முன்னால் காலி வரி விட்டுப்போயிருந்தது. ஒரே ஒரு காலி வரி. அந்த 15 வரியையும் தம்பி திரும்பச் சேர்த்துவிட்டார்.