வயதுக்கு வருதலும் பதின்பருவமும்: பெண்ணெழுத்துத் தொகுப்பில் ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

1. முன்னுரை

பெண்கள் தம் பதின்பருவ ஆண்டுகளைப் பற்றி எழுதியவற்றைத் திரட்டித் தொகுப்பாக வெளியிடுதல் ஆங்கில நூலுலகில் பழகிய முயற்சியாகும். இந்திய மொழிகளிலிருந்து அத்தகைய தொகுப்பொன்றை வெளிக்கொணர முனைவோர்க்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. சூசி தாரு, கே. லலிதா ஆகியோர் பதிப்பித்து 1991, 1993 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்த 'விமன் ரைட்டிங் இன் இந்தியா' பதினொரு மொழிகளின் பெண்ணெழுத்தைக் கால அடைவில் ஆங்கிலத்தில் தந்தது. ஜஸ்பீர் ஜெயின் பதிப்பித்துச் சாகித்திய அக்காதெமி 2007இல் வெளியிட்ட 'குரோயிங் அப் அஸ் எ உமன் ரைட்டர்' என்னும் நூல், வளர்தலைத் தன் தலைப்பிலேயே கொண்டது. எனினும் முன்னது காலத்தாலும், பின்னது எழுத்தாளர் என்னும் அடையாளத்தாலும் தொகுக்கப்பட்டவை. வயதையே தொகுப்பு நெறியாகக் கொள்ளும்போது எழும் சிக்கல் வேறு வகையானது.

பதின்மூன்று முதல் பத்தொன்பது வரையிலான ஏழாண்டுகளை ஒரே பருவமாகக் காணும் பார்வை ஆங்கில மொழியமைப்போடு பிணைந்தது. இந்திய மொழிகள் பலவும் பெண்ணைப் பொறுத்தவரை இக்காலத்தை ஒரு நீட்சியாகப் பெயரிடாமல், ஒரு நாளில் நிகழும் ஒரு நிகழ்ச்சியால் பெயரிடுகின்றன. இவ்வேறுபாட்டைக் கருதாத தொகுப்பும் மொழிபெயர்ப்பும் பெண்கள் எழுதியவற்றை அவர்கள் எழுதாத ஒன்றாக மாற்றிவிடக்கூடும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2. எண்ணுப்பெயரும் பருவப்பெயரும்

ஆங்கிலத்தில் 'டீன்' என்பது 13 முதல் 19 வரையுள்ள எண்ணுப்பெயர்களின் பொது ஈறு. அவ்வீறே தனிச்சொல்லாகப் பிரிந்து பருவத்தைக் குறிக்கலாயிற்று. பிற மொழிகளின் எண்ணுப்பெயர்கள் இவ்வெல்லையைத் தருவதில்லை. இந்தியில் 'கியாரஹ்' முதல் 'அட்டாரஹ்' வரை, அதாவது 11 முதல் 18 வரை, ஒரே ஈறு வருகிறது. 19ஐக் குறிக்கும் 'உன்னீஸ்' இருபதுக்கு ஒன்று குறைவு என்னும் அமைப்பை உடையது. தமிழில் 'பதின்' என்னும் வடிவம் 11இலும் 13 முதல் 18 வரையிலும் பயில்கிறது. 12 'பன்னிரண்டு' எனவும் 19 'பத்தொன்பது' எனவும் வேறுபடுகின்றன. எனவே 'பதின்பருவம்' என்பது கடன் மொழிபெயர்ப்பு. பதினொன்றை விலக்கிப் பத்தொன்பதைச் சேர்த்துக்கொள்ளும் அதன் எல்லை தமிழ் எண்ணமைப்பிலிருந்து பிறந்ததன்று.

தமிழில் வயதெல்லை வகுத்த பெண்பாற் பருவப் பெயர்கள் உண்டு. உலா இலக்கியத்திற்குப் பாட்டியல் நூல்கள் கூறும் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாகிய ஏழு பருவங்களில், மங்கைக்கு 12, 13 எனவும் மடந்தைக்கு 14 முதல் 19 வரை எனவும் கூறும் பகுப்புப் பரவலாக அறியப்பட்டது. நூலுக்கு நூல் எல்லை சிறிது மாறினும், ஆங்கிலப் பகுப்புக்கு மிக அணுக்கமானது மடந்தைப் பருவமே. ஆயினும் இப்பெயர்கள் தலைவன் உலா வரும் வீதியில் நின்று காணும் பெண்களைப் புலவர் வகைப்படுத்தியவை. எந்தப் பெண்ணும் தன்வரலாற்றில் 'மடந்தையாக இருந்தபோது' என எழுதுவதில்லை. வடமொழி வழிப் பல மொழிகளில் வழங்கும் 'ஷோடசி', அதாவது பதினாறு வயதினள், என்பதும் இத்தகையதே. 'விடலை' ஆண்பாற் சொல். 'வளரிளம் பருவம்' பாடநூல், நலத்திட்டம் ஆகியவற்றின் வழியே பரவிய கலைச்சொல். பிறர் நோக்கில் அமைந்த சொற்கள் பல இருக்க, தன்கூற்றில் இயல்பாக வரும் சொல் அரிதாக இருத்தல் நோக்கத்தக்கது.

3. நிகழ்ச்சியைச் சுட்டும் தொடர்கள்

தன்கூற்றிலும் பேச்சு வழக்கிலும் பயில்வன பூப்பைச் சுட்டும் தொடர்களே. தென்னிந்திய மொழிகளையும் மராத்தி, இந்தி ஆகியவற்றையும் ஒப்பிடுகையில் இவற்றை நான்கு வகையாகப் பகுக்கலாம்.

அ. வயது பற்றியவை: தமிழில் 'வயதுக்கு வருதல்', மராத்தியில் 'வயாத் யேணே', மலையாளத்தில் 'வயஸ்ஸறியிக்குக'. முதலிரண்டும் வயதை ஓர் இடமாகவும் பெண்ணை அங்கு வந்துசேர்பவளாகவும் காண்கின்றன. மலையாளத் தொடர் வயதைப் பிறர்க்கு அறிவித்தல் என்னும் பிறவினைப் பொருளது.

ஆ. பெருமை பற்றியவை: தமிழில் 'பெரியவளாதல்', 'பெரிய மனுஷியாதல்', கன்னடத்தில் 'தொட்டவளாகு', தெலுங்கில் 'பெத்தமனிஷி' ஆதல். 'ஆளாதல்' என்பதையும் இவ்வகையில் அடக்கலாம்.

இ. அறிவும் ஆற்றலும் பற்றியவை: தமிழில் 'புத்தியறிதல்', ஈழத்தமிழில் 'சாமத்தியப்படுதல்', தெலுங்கில் 'சமர்த்த'. இந்தியின் 'சயானீ' பூப்பை மட்டும் குறிக்காமல் வளர்ந்தவள், விவரமறிந்தவள் என்னும் இரு பொருளையும் தாங்கி நிற்பது.

ஈ. உடல் முதிர்ச்சி பற்றியவை: தமிழில் 'பூப்பு', 'சமைதல்', கன்னடத்தில் 'மைநெரெ', மலையாளத்தில் 'திரளுக'.

இந்நான்கு வகையும் சொற்பொருள் நிலையில் ஆக்கத்தையே உணர்த்துகின்றன. வயது வருகிறது, பெருமை வருகிறது, அறிவு வருகிறது, உடல் நிறைகிறது. ஆனால் இந்நிகழ்ச்சியைப் பெண்கள் எழுதியுள்ள பனுவல்களில் தொடர்ந்து பேசப்படுவது இழப்பாகும். நம்பூதிரிப் பெண்களைச் சுட்டும் 'அந்தர்ஜனம்' என்னும் பெயருக்கே அகத்தில் இருப்பவள் என்பது பொருள். பூப்புக்குப் பின் பெண்ணை வெளியுலகிலிருந்து விலக்கிய வழக்கத்தை லலிதாம்பிகா அந்தர்ஜனம் தம் நினைவுகளில் பதிவுசெய்துள்ளார். பூப்படைந்தபின் பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்ட சல்மா, அத்தகைய வீடுகளின் உள்வாழ்வை 2004இல் வெளிவந்த 'இரண்டாம் ஜாமங்களின் கதை' என்னும் நாவலில் வரைந்தார். சொல் ஆக்கம் கூற, வாழ்வு குறுகுகிறது. இம்முரணே இப்பனுவல்களின் பொருளாற்றலுக்கு அடிப்படை.

ஆங்கிலத்தில் 'கம் ஆஃப் ஏஜ்' என்னும் தொடர் உண்டு. சொல்லுக்குச் சொல் அது 'வயதுக்கு வருதல்' என்பதோடு ஒத்துப்போவதால் மொழிபெயர்ப்பாளர் அதனை எளிதில் கையாளக்கூடும். ஆயின் அத்தொடரின் அடிப்படைப் பொருள் சட்டப்படி உரிமைக்குரிய வயதை அடைதல்; சொத்தாளவும் ஒப்பந்தம் செய்யவும் தகுதி பெறுதல். ஒன்று வீட்டின் வாயிலைத் திறப்பது. மற்றொன்று பல குடும்பங்களில் அதை அடைத்தது. வடிவொற்றுமை மிகுந்த இடத்தில் பொருள் எதிர்நிலையாக அமைந்தமைக்கு இது தெளிவான சான்று.

4. பருவத்தைத் தோற்றுவித்த சட்டமும் பள்ளியும்

இவ்வெதிர்நிலை அகராதியளவில் நின்றுவிடவில்லை. 1875ஆம் ஆண்டின் இந்திய உரிமைவயதுச் சட்டம் 18 வயதை எல்லையாக வகுத்தது. எனினும் திருமணம், மகர், மணவிலக்கு, மகவேற்பு ஆகியவற்றை அவ்வெல்லையிலிருந்து விலக்கிவைத்தது. பெண்ணின் வாழ்வை முடிவுசெய்த செயலுக்கு அவ்வயது பொருந்தவில்லை. 1891இல் இசைவு வயது 10இலிருந்து 12 ஆக உயர்த்தப்பட்டது. 1929ஆம் ஆண்டின் சாரதா சட்டம் பெண்ணின் மணவயதை 14 என வகுத்தது. அது 1949இல் 15 ஆகவும் 1978இல் 18 ஆகவும் உயர்ந்தது. பள்ளியும் இச்சட்டங்களும் சேர்ந்தே, குழந்தைமைக்கும் மனைவிமைக்கும் இடையே ஓர் இடைவெளியைச் சிறிது சிறிதாகத் திறந்தன. அவ்விடைவெளி எல்லாச் சாதியார்க்கும் வகுப்பார்க்கும் ஒரே காலத்தில் திறக்கவில்லை.

முற்பட்ட பனுவல்களில் அவ்விடைவெளி இல்லை. வங்காளத்தின் ராஸசுந்தரி தேவி பன்னிரண்டு வயதில் மணம் செய்து கொடுக்கப்பட்டார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிவந்த அவரது 'ஆமார் ஜீபன்' காட்டும் இளமை, தாய்வீட்டைப் பிரிந்ததும் புகுந்த வீட்டின் வேலையுமாகும். எழுத்தறியும் ஆவல் நிறைவேறியது இருபது வயதைக் கடந்தபின், அடுக்களையில் மறைவாக. ரமாபாய் ரானடே 1873இல் பதினோராம் வயதில் மணமானவர். கணவர் மகாதேவ கோவிந்த ரானடேயிடம் படிக்கத் தொடங்கியதும், அதனை வீட்டுப் பெண்கள் எதிர்த்ததுமே அவருடைய அந்த ஆண்டுகளின் செய்தி. இவர்கள் பதின்பருவத்தைப் பற்றி எழுதினர் எனக் கூறுவதைவிட, பதின்பருவம் இல்லாமையை எழுதினர் எனக் கூறுதலே பொருந்தும்.

5. பிரித்தெடுக்க இயலாத பனுவல்கள்

வயதை அளவுகோலாகக் கொண்டு பகுதிகளை வெட்டியெடுக்கும்போது வேறு இரண்டு இடர்கள் தோன்றுகின்றன. முதலாவது, பனுவலின் கட்டமைப்புப் பற்றியது. 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' கால வரிசையில் அமையவில்லை. ஊர், பள்ளி, விடுதி, கல்லூரி, கன்னியர் மடம் ஆகியவை முன்பின்னாக வருகின்றன. ஒரே அனுபவம் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு பொருளோடு மீள்கிறது. இதிலிருந்து 13 முதல் 19 வரையுள்ள ஆண்டுகளைப் பிரித்தால், சாதியை உணர்ந்த குழந்தைமையும் மடத்தை விட்டு வெளியேறிய முதிர்ச்சியும் அகன்று, இடையில் ஒரு பள்ளிக்கதை மட்டும் எஞ்சும்.

இரண்டாவது, தன்மை இடப்பெயர் பற்றியது. பேபி காம்ளேயின் 'ஜிண ஆமுச்ச' (1986), ரமாபாய் ரானடேயின் 'ஆம்ச்யா ஆயுஷ்யாதீல் காஹீ ஆடவணீ' (1910) என்னும் இரு மராத்தி நூல்களும் தலைப்பிலேயே 'எங்கள்' என்னும் உளப்படுத்தாப் பன்மையைக் கொண்டவை. ஒன்றில் அது மகார் சமூகத்தைத் தழுவுகிறது. மற்றொன்றில் கணவரோடு பகிர்ந்த வாழ்வைச் சுட்டுகிறது. ஆங்கிலத்தில் பின்னது 1938இல் 'ஹிம்செல்ஃப்' எனவும், முன்னது மாயா பண்டிட் மொழிபெயர்ப்பில் 2008இல் 'தி பிரிசன்ஸ் வி புரோக்' எனவும் தலைப்புப் பெற்றன. பின்னதில் பன்மை கணவர் ஒருவராகச் சுருங்கியது. முன்னதில் பன்மை நின்றாலும் வாழ்வு வெற்றியாக மாறியது. மராத்தியைப் போலவே உளப்படுத்தும் பன்மையையும் உளப்படுத்தாப் பன்மையையும் வேறுபடுத்தும் தமிழ், 'எங்கள்' என்பதை இழப்பின்றிக் காக்க வல்லது. இம்மொழிவாய்ப்பைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தின் வழியே பெயர்க்கும்போது இழந்துவிடுகின்றனர்.

இவற்றினும் கடினமான வினா முக்தாபாய் எழுப்புவது. புணேயில் புலே இணையரின் பள்ளியில் பயின்ற இம்மாணவி, ஏறத்தாழப் பதினான்கு வயதில், மாங், மகார் மக்களின் துயரம் பற்றி எழுதிய கட்டுரை 1855இல் 'ஞானோதய' இதழில் வெளிவந்தது. அது தாரு, லலிதா தொகுப்பின் முதல் தொகுதியிலும் இடம்பெற்றுள்ளது. பருவத்தைப் பற்றியது என்னும் அளவுகோலைக் கடைப்பிடித்தால் இக்கட்டுரை விலக்கப்படும். அதில் அவர் தம் வயதைப் பாடவில்லை. தம் மக்கள் மீதான கொடுமையைக் கேள்விக்கு உட்படுத்தினார். முதிர்ந்த பெண்கள் திரும்பிப் பார்த்து எழுதியவை இடம்பெற, அவ்வயதிலேயே எழுதிய சிறுமி விலக்கப்படுவது தொகுப்பு நெறியின் குறையேயன்றிப் பனுவலின் குறையன்று.

6. மொழிபெயர்ப்பாளர்க்குரிய தெரிவுகள்

மேற்கூறியவற்றால் தொகுப்பு முயற்சி கைவிடத்தக்கது என்பது முடிவன்று. நெறி திருத்தப்பட வேண்டும் என்பதே.

முதலாவதாக, பூப்பைச் சுட்டும் தொடர்களைப் 'பருவமடைதல்' என ஒருசீராக்குதல் தவிர்க்கத்தக்கது. மராத்தியின் 'வயாத் யேணே' தமிழில் 'வயதுக்கு வருதல்' எனவும், தெலுங்கின் 'பெத்தமனிஷி' 'பெரிய மனுஷி' எனவும் இயல்பாகவே அமையும். இந்தியின் 'சயானீ' வருமிடத்தில், சூழல் நோக்கி 'விவரம் தெரிந்தவள்' எனக் கொள்ளலாம். கன்னடத்தின் 'மைநெரெ' என்பதை 'மெய்ந்நிறைதல்' எனப் பெயர்த்தால் வேர்ச்சொல் ஒக்குமேனும் வழக்கு ஒவ்வாது, 'சமைதல்' பொருந்தும்.

இரண்டாவதாக, கடுமையைத் தணிக்கும் பெயர்ப்புகளில் விழிப்புத் தேவை. பூப்படைந்த மகளிடம் தாய் சொல்லும் சொல்லை மையமாகக் கொண்ட அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' என்னும் சிறுகதை, லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் 1992ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் 'மை மதர், ஹர் கிரைம்' என்னும் தலைப்பைப் பெற்றது. 'கொலை' 'குற்றம்' என விரிந்தபோது, கொல்லப்பட்டது எது என்னும் வினா தலைப்பிலிருந்து மறைந்தது. கதையை நன்கு உணர்ந்த மொழிபெயர்ப்பாளர்க்கும் இச்சிக்கல் நேர்ந்தமை கருதத்தக்கது.

மூன்றாவதாக, ஒவ்வொரு பனுவலின் முன்னும் எழுதியவர் மணம் செய்விக்கப்பட்ட வயது, பள்ளி நின்ற வயது, எழுதிய வயது ஆகிய மூன்றும் குறிக்கப்பட வேண்டும். இம்மூன்று எண்களின் இடைவெளியே பருவம் என ஒன்று அப்பெண்ணுக்கு வாய்த்ததா என்பதை வாசகர்க்கு உணர்த்தும்.

7. முடிவுரை

'பதின்பருவம்' என்னும் சொல் இன்று தமிழில் நிலைபெற்றுவிட்டது. பள்ளியும் கல்லூரியும் எய்திய தலைமுறைப் பெண்களின் எழுத்துக்கு அது பொருந்தவும் கூடும். அச்சொல்லை முந்தைய தலைமுறையின் மீதும், இன்றும் அவ்வாண்டுகள் மறுக்கப்படுவோர் மீதும் ஏற்றும்போது, மறுக்கப்பட்ட ஒன்று வழங்கப்பட்டதுபோலத் தோற்றம் கொள்கிறது. அத்தகைய தொகுப்பு வெளியிடப்படும்போது மதிப்பிடத்தக்கது, எத்தனை மொழிகளிலிருந்து எத்தனை பெண்களின் எழுத்து இடம்பெற்றது என்பது மட்டுமன்று. அப்பெண்கள் தம் வாழ்வின் அந்த நாளுக்கு எந்தப் பெயரிட்டனரோ அப்பெயர் மொழிபெயர்ப்பில் எஞ்சியுள்ளதா என்பதும் ஆகும்.