வெள்ளணுவை எண்ணினோம், வயிற்றைக் கேட்டோமா?

மனச்சிதைவு நோய்க்கான குளோசபின் என்ற மாத்திரையின் பெயரை டாக்டர் எடுத்ததுமே பல வீடுகளில் முதல் கேள்வி ரத்தப் பரிசோதனையைப் பற்றித்தான் வரும். வாராவாரம் ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தரவே முடியும் என்றால் அந்த மாத்திரை எவ்வளவு ஆபத்தானதாக இருக்க வேண்டும்! பயம் நியாயமானதே. ஆனால் ஐம்பது ஆண்டுகளாக அந்தப் பயம் ஒரே திசையில் விரல் நீட்டிக்கொண்டிருக்கிறது. மனநல மருந்துகளின் பக்க விளைவுகளை மருத்துவ உலகம் எப்படி எடை போடுகிறது, எங்கே எடை தவறுகிறது என்று பார்க்க இதைவிடத் தெளிவான மருந்து எனக்குத் தெரியவில்லை.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் வாண்டர் என்ற நிறுவனம் 1950களின் இறுதியில் உருவாக்கிய மருந்து இது. அதற்கு முன்பிருந்த குளோர்புரோமசின், ஹாலோபெரிடால் போன்றவை குரல் கேட்பதையும் சந்தேகத்தையும் அடக்கின. கூடவே கை நடுக்கத்தையும் உடல் விறைப்பையும் கொண்டுவந்தன. குளோசபினில் அந்த விறைப்பு ஏறக்குறைய இல்லை. 1970களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. 1975இல் பின்லாந்தில், மருந்து அறிமுகமான சில மாதங்களிலேயே, ரத்த வெள்ளணுக்கள் சரிந்து, தொற்று தாக்கி எட்டு நோயாளிகள் இறந்தார்கள். அக்ரானுலோசைட்டோசிஸ் என்ற பெயர் அன்று முதல் இந்த மாத்திரையோடு ஒட்டிக்கொண்டது. பல நாடுகளில் மருந்து அலமாரியிலிருந்து இறங்கியது.

அதை மீட்டது 1988இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஜான் கேன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவு நோயாளிகள் 268 பேர், ஆறு வாரம். குளோர்புரோமசின் சாப்பிட்டவர்களில் 4 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. குளோசபின் சாப்பிட்டவர்களில் 30 சதவீதம். கைவிடப்பட்டவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் என்பது சின்ன விஷயமா? அமெரிக்கா 1989இல் ஒரு நிபந்தனையோடு அனுமதித்தது: ரத்த அறிக்கை வந்தால்தான் மாத்திரை. முதலில் நிறுவனம் பரிசோதனையையும் மருந்தையும் சேர்த்தே விற்றது, ஆண்டுக்குச் சுமார் 9,000 டாலர். மாநில அரசுகள் வழக்குப் போட்ட பிறகுதான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. பாதுகாப்பின் பெயரால் வியாபாரம் நடப்பது எல்லா ஊரிலும் உண்டு.

இருந்தாலும் இந்த ரத்தப் பரிசோதனை ஏற்பாட்டின் வெற்றியை யாரும் மறுக்க முடியாது. அமெரிக்காவில் தொடக்க காலத்தில் மருந்து எடுத்த 11,555 பேரின் கணக்கு 1993இல் வெளியானது. 73 பேருக்கு அக்ரானுலோசைட்டோசிஸ் வந்தது, இறந்தவர்கள் இருவர். பின்லாந்தில் மருந்தைச் சாகடித்த அதே விளைவு, முன்கூட்டியே கண்டுபிடித்து மாத்திரையை நிறுத்தியதால் பெரும்பாலும் மீளக்கூடியதாக மாறியது. அந்த ஊசிக் குத்து இல்லாவிட்டால் இன்று குளோசபினே இருந்திருக்காது.

கோளாறு எங்கே என்றால், எண்ணக்கூடிய ஆபத்து எண்ண முடியாதவற்றை மறைத்துவிட்டது. வெள்ளணுச் சரிவு பெரும்பாலும் முதல் 18 வாரங்களுக்குள் வருகிறது. ஓராண்டு தாண்டினால் மிக அரிது. ஆனாலும் பல நாடுகளின் விதிகள் ஆயுள் முழுக்க மாதாமாதம் ரத்தம் கேட்டன. அதே நோயாளியின் குடலை யாரும் கேட்கவில்லை. குளோசபின் குடலின் அசைவை மந்தமாக்கும். சாதாரண மலச்சிக்கலாகத் தொடங்குவது சிலருக்குக் குடல் அடைப்பாகி, குடல் அழுகும் நிலைக்கும் போகும். இப்படிக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் 102 பேரின் விவரங்களை 2008இல் ஒரு குழு தொகுத்தது. அவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் இறந்திருந்தார்கள். மோசமான நேர்வுகளே இத்தகைய தொகுப்புகளுக்கு வந்து சேரும் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் எண் உறுத்துகிறது. அமெரிக்க மருந்து ஆணையம் இதைப் பற்றிய எச்சரிக்கையைக் கடுமையாக்கியது 2020இல். மனச்சிதைவில் வலியை எடுத்துச் சொல்லும் பழக்கமே பலருக்கு மங்கிவிடும். அவர்களாகவே வந்து வயிற்றைக் காட்டுவார்கள் என்று காத்திருக்க முடியாது.

வெள்ளணு எண்ணிக்கையிலேயே இன்னொரு அநீதியும் இருந்தது. ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலருக்குப் பிறவியிலேயே நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவின் அளவு குறைவு, அது நோயல்ல. ஆனால் ஐரோப்பியரை வைத்து வகுத்த எல்லைக்கோடு அவர்களுக்கு மருந்தை மறுத்தது. அமெரிக்கா அந்த அளவுகோலைத் திருத்த 2015 ஆனது.

தராசின் எதிர்த்தட்டில் வைக்க வேண்டியது நோயின் ஆபத்து. அதைப் பேசாமல் மாத்திரையின் ஆபத்தை மட்டும் பேசுவது வழக்கமாகிவிட்டது. 2003இல் வெளியான ஆய்வொன்றில், தற்கொலை அபாயம் அதிகமிருந்த 980 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, இரண்டாண்டு பின்தொடர்ந்தார்கள். ஒலான்சபின் எடுத்தவர்களைவிடக் குளோசபின் எடுத்தவர்களிடம் தற்கொலை முயற்சிகள் குறைவாக இருந்தன. 2009இல் பின்லாந்திலிருந்தே, ஆம், அதே பின்லாந்திலிருந்து, 66,881 நோயாளிகளின் பதிவேட்டு ஆய்வு வந்தது: மனச்சிதைவு மருந்துகளில் குளோசபின் எடுத்தவர்களிடம்தான் மரண விகிதம் மிகக் குறைவு. இது பதிவேட்டை வைத்துச் செய்த கணக்கு. அடிக்கடி டாக்டரைப் பார்ப்பவர்கள் பொதுவாகவே நன்றாகக் கவனிக்கப்படுபவர்கள் என்ற ஆட்சேபத்தில் பொருள் உண்டு. அப்படியே இருந்தாலும், பயந்து பயந்து இந்த மருந்தை ஐந்தாறு ஆண்டு தள்ளிப்போடுவதை ‘பாதுகாப்பு’ என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

டாக்டரின் கணக்குக்கு வராத எடைகள் நோயாளியிடம் இருக்கின்றன. இரவில் எச்சில் வடிந்து தலையணை நனைவது. காலை பத்து மணிக்கும் எழ முடியாத மயக்கம். சில மாதங்களில் சட்டையெல்லாம் இறுக்கமாவது. கேஸ் ஷீட்டில் இவை ‘சிறு பக்க விளைவுகள்’. வேலைக்குப் போக நினைக்கும் இருபத்தைந்து வயதுக்காரருக்கு இவைதான் மருந்தை ஒளித்து வைக்கும் காரணங்கள். எடையும் சர்க்கரையும் சின்ன வயதிலேயே நீரிழிவு வரும் நம் ஊரில் மெதுவாகக் கொல்லும் வகை. மாத்திரையின் அளவைக் குறைத்தால் சில புகார்கள் தணியும். ஆசியர்களுக்குப் பொதுவாகக் குறைந்த அளவே போதும். அப்படியிருந்தும் மேலைநாட்டு அட்டவணையைப் பார்த்து ஏற்றுவது நடக்கிறது. பீடி விஷயத்தையும் சொல்ல வேண்டும். புகை, குளோசபினைச் சிதைக்கும் ஈரல் நொதியைத் தூண்டும். தினம் இரண்டு கட்டு பீடி குடித்தவர் மருத்துவமனையில் சேர்ந்து புகையை நிறுத்தினால், அதே மாத்திரை ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். தள்ளாட்டமோ வலிப்போ வந்தால் நோய் முற்றிவிட்டது என்று நினைத்து அளவைக் கூட்டினால் என்னவாகும்?

ரத்த அறிக்கையைப் பதிவு செய்தால்தான் மாத்திரை என்ற தன் கட்டாயத் திட்டத்தை அமெரிக்கா 2025இல் நீக்கியது. அறிக்கை தாமதமானதால் மருந்துக் கடை மாத்திரையை மறுத்து, அதனால் நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பியவர்களின் புகார்கள் அதற்கு ஒரு காரணம். மாத்திரை 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் மறுபடி 12.5 மில்லிகிராமிலிருந்துதான் படிப்படியாக ஏற வேண்டும். ஒரு சனி ஞாயிறு விடுமுறை மாதங்களின் உழைப்பைக் கரைத்துவிடும். திட்டத்தை நீக்கிய முடிவை நான் ஆதரிக்கிறேன். ஆனால் இந்தியாவின் நிலை தலைகீழ். இங்கே அறிக்கையைச் சரிபார்க்கும் மையப் பதிவேடு கிடையாது. எல்லாம் டாக்டரின் அக்கறையையும், ஒரு நாள் கூலியை இழந்து மாவட்ட மருத்துவமனைக்கு வரும் அம்மாவின் தெம்பையும் பொறுத்தது. அமெரிக்கர்களே நீக்கிவிட்டார்களே என்று இங்கே தொடக்க வாரங்களின் பரிசோதனையைத் தளர்த்தினால் அது பெரும் தவறு. குறைக்கத் தக்கது பல ஆண்டுகள் ஆனவர்களின் மாதாந்திர ரத்தம்; கூட்ட வேண்டியது முதல் மாதத்தின் இதயப் பரிசோதனை, ஏனெனில் இதயத் தசை அழற்சி பெரும்பாலும் அந்தச் சில வாரங்களில்தான் வருகிறது. இடுப்புச் சுற்றளவும் சர்க்கரையும் பார்க்க ஓர் இஞ்ச் டேப்பும் ஒரு துளி ரத்தமும் போதும்.

காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும் என்று சீட்டின் ஓரத்தில் எழுதிக் கொடுக்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள். அதற்குக் கீழேயே ‘மூன்று நாள் வெளிக்குப் போகாவிட்டால் உடனே வரவும்’ என்று இன்னொரு வரி எழுதவும் இடமிருக்கிறது.