கழுத்தைப் பாருங்கள்: கையால் செய்த பேஸ் கிட்டாரை ரசிப்பது எப்படி?

கொச்சி மட்டாஞ்சேரியின் ஜூ டவுனில் எந்தப் பழம்பொருள் கடைக்குள் நுழைந்தாலும் சிற்பம் செதுக்கிய கதவுகள்தான் முதலில் கண்ணை இழுக்கும். ஆசை தீரப் பாருங்கள். பிறகு கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு கதவின் பின்பக்கம் போய் நில்லுங்கள். சட்டமும் பலகையும் சேரும் இடம், துளைக்குள் கழுந்து உட்கார்ந்திருக்கும் இறுக்கம், இத்தனை மழைக்காலம் கண்ட பிறகும் பலகை முறுக்கிக்கொள்ளாமல் நிற்கும் நேர்மை, இவற்றைக் கவனியுங்கள். அந்தக் கதவைச் செய்த ஆசாரியின் திறமை முன்பக்கத்துப் பூவேலையில் பாதிதான் தெரியும். மீதிப் பாதி இங்கே இருக்கிறது.

கையால் செய்த பேஸ் கிட்டாரையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். பளபளக்கும் உடல், ரேகை ஓடும் மேற்பலகை, வண்ணப் பூச்சு எல்லாம் அழகுதான். ஆனால் பேஸின் உயிர் அதன் கழுத்தில் இருக்கிறது. லூத்தியர் என்று அழைக்கப்படும் கிட்டார் ஆசாரி ஒருவர் பக்கத்தில் நின்று வழிகாட்ட, நீங்களே ஒரு பேஸ் செய்தாலும் சரி, வேறொருவர் செய்ததைக் கையில் வாங்கிப் பார்த்தாலும் சரி, ரசனை கழுத்திலிருந்து தொடங்கட்டும்.

பேஸ் கிட்டாருக்கும் ஜூ டவுனுக்கும் என்ன தொடர்பு? மரம். 1948க்குப் பின், குறிப்பாக 1950களில், கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். மிளகும் சுக்கும் மணக்கும் இந்தத் தெருவின் வீடுகளும் கிடங்குகளும் காலப்போக்கில் பழம்பொருள் கடைகளாயின. கேரளத்தில் இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் தூண், உத்தரம், கதவு, மரப்பெட்டி எல்லாம் இங்கே வந்து சேர்ந்தன. ஒரு கிடங்குக்குள் சுண்டன் வள்ளம் என்ற நீண்ட படகே கிடக்கிறது. அந்த வள்ளங்கள் ஆஞ்சிலி மரத்தில் செய்யப்படுபவை. ஆஞ்சிலி, நம் ஊரில் அயினி, பலாவின் நெருங்கிய உறவு. பலாவோ தஞ்சாவூர் வீணையின் மரம். படகு செய்த மரத்துக்கும் வீணை செய்யும் மரத்துக்கும் உள்ள உறவை அந்தக் கிடங்கில் நின்றபடியே யோசித்துப் பார்க்கலாம்.

மரத்தைப் படிக்கப் பழக இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைப்பது கடினம். விரல் முட்டியால் தட்டுங்கள். வைரம் பாய்ந்து உலர்ந்த பலகை 'டக்'கென்று தெளிவாகப் பதில் சொல்லும். உள்ளே விரிசலோ புழு அரித்த பொந்தோ இருந்தால் ஒலி மழுங்கும். தேக்கைத் தடவினால் மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கு விரலில் தெரியும். பலா அறுத்த புதிதில் மஞ்சள். வெளிச்சம் பட்டு வருடங்கள் போகப் போகச் செம்பழுப்பாகும். ஈட்டி, அதாவது தோதகத்தி, தூக்கினாலே தெரியும் கனம். ஊதாவும் கறுப்புமாகக் கோடுகள் ஓடும். பலகையின் முனையைப் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். அங்கே வருட வளையங்கள் செங்குத்தாக நிற்கின்றனவா, படுத்துக் கிடக்கின்றனவா? பேஸ் கழுத்துக்குச் செங்குத்தாக நிற்கும் பலகையே சிறந்தது, ஈரம் ஏறி இறங்கினாலும் குறைவாகவே வளையும். லூத்தியர் முதல் நாளில் கற்றுத்தருவது பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான்.

ஓர் எச்சரிக்கை. கிட்டார் ஆசையில் சிற்பவேலை உள்ள தூணையோ கதவையோ வாங்கி அறுக்காதீர்கள். அது வேறொரு ஆசாரியின் முடிந்த வேலை. அறுப்பதற்கு வெற்று உத்தரமும் பலகையும் போதும். பழசு என்று சொல்லி விற்கப்படுவதெல்லாம் பழசும் இல்லை. புதிய மரத்துக்குச் சாயமேற்றியிருந்தால் ஆணித் துளையின் உட்புறமோ பலகையின் அடிப்பக்கமோ காட்டிக்கொடுத்துவிடும். வாங்கிய பலகையில் புதைந்த ஆணி ஒன்று விடாமல் எடுத்த பிறகே ரம்பம் வைக்க வேண்டும். தேக்கை ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்து மேற்பரப்பின் எண்ணெயை நீக்காவிட்டால் பசை பிடிக்காது.

ஈட்டியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உலகத்தின் பல மூலைகளில் வாசிக்கப்படும் கிட்டார்களில் விரல் படும் பலகை நம் நாட்டு ஈட்டி. பிரேசில் ஈட்டி கிடைப்பது அரிதானபோது, அமெரிக்காவின் புகழ்பெற்ற மார்ட்டின் கிட்டார் நிறுவனம் 1969இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரம் உலக கிட்டார்களின் குரலில் சேர்ந்தது இப்படித்தான். 2017இல் ஈட்டிக் குடும்பத்து மரங்கள் எல்லாம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் வந்தன. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு கிடைத்தாலும் மரத்துக்குக் கட்டுப்பாடு நீடித்தது. ஆகவே பழைய வீட்டிலிருந்து வந்த ஈட்டித்துண்டு கையில் கிடைத்தால் வீணாக்காதீர்கள். விரல்பலகைக்குத் தேவை ஏழு மில்லிமீட்டர் கனம் மட்டுமே.

இனி கருவிக்கு வருவோம். இன்று நாம் அறிந்த வடிவில் பேஸ் கிட்டாரைப் பரவலாக்கியவர் லியோ ஃபெண்டர், 1951இல் வந்த பிரிசிஷன் பேஸ் மூலம். அவருக்கு முன்பே, 1930களில், சியாட்டிலில் பால் டட்மார்க் கட்டம் வைத்த மின் பேஸ் ஒன்றைச் செய்திருந்தார். ஃபெண்டர் வைத்த தந்தி நீளம் 34 அங்குலம், கிட்டத்தட்ட 864 மில்லிமீட்டர். இன்றும் பெரும்பாலான பேஸ்களுக்கு அதுதான் அளவு. மிகக் கனமான தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. நான்கு தந்திகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை ஏறக்குறைய 70, 80 கிலோ. ஒரு முழு ஆள் இரவும் பகலும் தொங்கிக்கொண்டிருப்பதற்குச் சமமான அந்த இழுவையை விரல் பிடிக்குள் அடங்கும் மெல்லிய மரம் தாங்க வேண்டும். அதனால்தான் கழுத்துக்குள் இரும்புக் கம்பி ஒன்று ஓடுகிறது. ட்ரஸ் ராட் என்ற இந்த ஏற்பாட்டுக்கு 1920களில் காப்புரிமை பெற்றவர் கிப்சன் நிறுவனத்தின் தாடியஸ் மெக்ஹியூ.

செய்யும் வேலையில் மனத்தை முழுக்கக் கட்டிப்போடுவது கட்டம் பிரிப்பது. கணக்கு எளிது: மீதமுள்ள தந்தி நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817ஆல் வகுக்க வேண்டும். முதல் கட்டம் 48.5 மில்லிமீட்டர். கட்டங்களைப் பிரிக்கும் உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளில் 12ஆவது சரிபாதியில் வரும். 20ஆவதை எட்டும்போது இடைவெளி 16 மில்லிமீட்டராகச் சுருங்கியிருக்கும். கற்றுக்கொள்பவர் இயல்பாக ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததற்கு அளப்பார். அனுபவப்பட்டவர் தடுப்பார், எல்லாவற்றையும் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் நட்டிலிருந்தே அளக்கச் சொல்வார். ஒவ்வொரு முறையும் கால் மில்லிமீட்டர் பிசகினால், தொடர்ச்சியாக அளந்தவரின் பிழை 20 கட்டத்தில் ஐந்து மில்லிமீட்டராகச் சேர்ந்துவிடும். ஒரே இடத்திலிருந்து அளந்தவருக்கு எந்தக் கட்டத்திலும் அது கால் மில்லிமீட்டரைத் தாண்டாது. ஆசானின் வழிகாட்டல் என்பது இப்படிப்பட்ட சின்னச் சின்னத் தடுத்தல்கள்தான்.

தஞ்சாவூர் வீணையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ரசனை இன்னும் ஆழமாகும். வீணையில் 24 மெட்டுகள். மெழுகும் கரியும் கலந்த, மேளம் எனப்படும் அடுக்கின் மேல் ஒவ்வொன்றாகக் காதால் கேட்டு நிறுத்துவார்கள். மெழுகு தேய்ந்தால் மறுபடி மேளம் கட்டலாம். பேஸில் அந்தச் சலுகை இல்லை. மெல்லிய ரம்பத்தால் கீறிய பள்ளத்தில் ஃப்ரெட் இறங்கிவிட்டால் அதன் இடம் முடிவாகிவிட்டது. குடம், தண்டி, தலை மூன்றையும் ஒரே பலாக் கட்டையில் குடைந்த வீணையை ஏகாந்த வீணை என்று போற்றுகிறோம். பேஸிலும் தலைமுதல் அடிவரை ஒரே தண்டு ஓடும் வகை உண்டு, அதற்கு மதிப்பும் விலையும் அதிகம். ஆனாலும் நான்கு திருகாணிகளால் கழுத்தை உடலோடு பொருத்திய எளிய பேஸ், அந்தப் பொருத்து துல்லியமாக இருக்குமானால், எனக்கு அதைவிடக் குறைந்ததல்ல. கழுத்து உட்காரும் பள்ளத்தின் ஓரத்தில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லையா? அந்தப் பள்ளத்தை உளியால் சீவியவருக்குப் பொறுமை இருந்திருக்கிறது. நாளை கழுத்து கெட்டாலும் கழற்றிச் சரிசெய்யலாம் என்பது கூடுதல் நன்மை.

அடுத்து கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைத் தடவுங்கள். இழைப்புளியும் அரமும் உப்புத்தாளும் கடந்து வந்த பின்புற வளைவு கட்டைவிரலுக்கு எங்கேயும் மேடு காட்டக் கூடாது. ஓரத்தில் ஃப்ரெட் முனைகள் குத்துகின்றனவா? கொச்சியின் ஈரக்காற்றில் ஊறிய மரம் டெல்லியின் வறண்ட கோடையில் சுருங்கும்; இங்கே தெரியாத முனை அங்கே விரலைக் கீறும். நல்ல ஆசாரி அதையும் நினைத்து முனைகளை உருட்டியிருப்பார். பிறகு வாரைத் தோளில் மாட்டி இரு கைகளையும் எடுத்துவிடுங்கள். தலைப்பக்கம் கீழே சரிந்தால், அந்தக் கருவியை வாசிப்பவரின் இடக்கை ஆயுளுக்கும் அதைச் சுமந்துகொண்டே வாசிக்க வேண்டும். உடலின் மேற்கொம்பு 12ஆவது ஃப்ரெட் வரை நீளும் வடிவம் அழகுக்காக மட்டும் வந்ததல்ல.

ஜூ டவுன் தெருக்கோடியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி சினகாக் இருக்கிறது. அதன் தரையில் 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த நீலவண்ண ஓடுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. கையால் தீட்டியவை, ஒன்றைப்போல் ஒன்று இல்லை என்பார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் கைவேலையில் எந்த வேறுபாடு உயிர்ப்பு, எது கவனக்குறைவு என்று கண் பிரித்தறியப் பழகும். பேஸிலும் இந்தப் பழக்கம் உதவும். உடலின் வளைவு இடப்பக்கமும் வலப்பக்கமும் மயிரிழை மாறலாம். மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் சிறிய இரும்புச் சட்டத்தை வைக்கும்போது அது ஆடினால் மட்டும் மன்னிக்க முடியாது. நடுவில் உள்ள ஃப்ரெட் மேடாக நிற்கிறது, அங்கே தந்தி இரையும்.

மரம் ஒலியை மாற்றுமா என்ற சண்டை கிட்டார் உலகில் ஓய்ந்தபாடில்லை. மின் பேஸில் ஒலியை எடுப்பது காந்தமும், அதைச் சுற்றிய ஆயிரக்கணக்கான சுற்றுச் செப்புக் கம்பியும் கொண்ட பிக்கப். தந்தி, பிக்கப், அது வைக்கப்பட்ட இடம், வாசிப்பவரின் விரல் ஆகியவற்றின் பங்கே பெரிது. உடல் தேக்கா பலாவா என்பதை ஒலிபெருக்கியில் கேட்டுச் சொல்வது மிகக் கடினம் என்பதே என் எண்ணம். கழுத்தின் விஷயம் வேறு. ஒயரை மாட்டாமல், பேஸின் கொம்பில் காதை ஒட்டிவைத்து, மிக மெல்லிய தந்தியில் ஒவ்வொரு கட்டமாக ஒரே பலத்தில் மீட்டுங்கள். பல பேஸ்களில் 5 முதல் 7 வரையான கட்டங்களில் ஏதோ ஒரு ஸ்வரம் மட்டும் பாதியில் செத்துவிடும். அந்த ஸ்வரத்தின் அதிர்வும் கழுத்தின் சொந்த அதிர்வும் ஒன்றாகும் இடம் அது. தந்தியின் ஆற்றலைக் கழுத்து உறிஞ்சிக்கொள்கிறது. கழுத்தின் விறைப்பையும் தலையின் எடையையும் மாற்றி, சாகும் ஸ்வரத்தைத் தணிக்கவோ இடம் மாற்றவோ தெரிந்தவர்தான் லூத்தியர். தமிழ்நாட்டில் ஆரோவில்லின் எரிசா நியோகி கையால் கிட்டார் செய்வதில் பெயர் பெற்றவர்.

ஃப்ரெட்டே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் ஃபெண்டர் ஜாஸ் பேஸின் ஃப்ரெட்டுகளைப் பிடுங்கி, பள்ளங்களை அடைத்து, படகுகளுக்குப் பூசும் எபாக்சியை விரல்பலகையில் பூசிக்கொண்டார். 1976இல் வெளிவந்த அவருடைய முதல் ஆல்பத்தில் அந்தக் கழுத்து பாடுவதைக் கேளுங்கள். நம் காதுக்குப் பழக்கமான கமகத்தை நெருங்கும் வழுக்கல்கள் அதில் உண்டு.

கேட்பதற்கு இன்னொன்றும் சொல்கிறேன். ஜூ டவுனிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஃபோர்ட் கொச்சியில் 1940இல் பிறந்தவர் யேசுதாஸ். இளையராஜாவின் 100ஆவது படமான 'மூடுபனி'யில் (1980) பிரதாப் போத்தன் கிட்டாரோடு வரும் பாட்டை அவர் பாடியிருக்கிறார். கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். 41 அதிர்வை அதனால் எழுப்ப முடியாது, மேல் அதிர்வுகளிலிருந்து நம் மூளை ஊகித்துக்கொள்கிறது. நல்ல ஹெட்ஃபோனில், முதல் முறை குரலை மட்டும் கேளுங்கள். இரண்டாம் முறை குரலை விட்டுவிட்டு அடியில் நகரும் பேஸைப் பிடியுங்கள். எந்த ஸ்வரம் நீண்டு நிற்கிறது, எதை விரலால் அமுக்கி நிறுத்துகிறார்கள் என்று கவனியுங்கள். கழுத்தைத் தடவிப் பார்த்த கைக்கு அந்த நீளமும் நிறுத்தமும் உடனே புரியும்.

சொந்தமாக ஒரு பேஸ் செய்து முடித்தவர்கள் முதல் மழைக்காலம் முடிந்ததும் கழுத்தை மீண்டும் பாருங்கள். ஒரே தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒருசேர அழுத்திப் பிடித்து, நடுவில், 7, 8ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். ஒரு விசிட்டிங் கார்டின் கனம், ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர், இருந்தால் சரி. கூடியிருந்தால் ட்ரஸ் ராடைக் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். மரம் புது இழுவைக்குப் பழக ஒரு நாள் விட்டு மறுபடி அளக்கலாம்.