விளையாட்டுப் பெருவிழாக்களுக்கு நகரம் தேர்ந்தெடுத்தல்: திருச்சி நோக்கில் ஒரு மதிப்பீடு

பன்னாட்டுப் பல்துறை விளையாட்டுப் போட்டிகளை நடத்தும் நகரம் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பது நெடுங்காலமாகச் சர்ச்சைக்குரியது. 2030 பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகளை அகமதாபாத் நடத்தும் என 2025 நவம்பர் 26 அன்று கிளாஸ்கோவில் முடிவானதால், இக்கேள்வி இந்தியாவில் மீண்டும் எழுந்துள்ளது. நடத்தும் நகரத்துக்கு என்ன கிடைக்கும் என்பதே அதிகம் பேசப்படுகிறது. வீரர்களை உருவாக்கும் திருச்சிராப்பள்ளி போன்ற ஊர்களுக்கு என்ன கிடைக்கும் என்பது அரிதாகவே பேசப்படுகிறது.

தில்லி 2010

2003 நவம்பரில் ஜமைக்காவின் மாண்டிகோ பே நகரில் நடந்த வாக்கெடுப்பில், தில்லி 46–22 என்ற கணக்கில் கனடாவின் ஹாமில்டனை வென்றது. உறுப்பு நாடு ஒவ்வொன்றுக்கும் வீரர் பயிற்சிக்காக 1,00,000 அமெரிக்க டாலர் தருவதாகத் தில்லி அறிவித்திருந்தது. வாக்களிப்போருக்கே பலன் தரும் இத்தகைய வாக்குறுதி, நகரத்தின் தகுதியைப் பின்னுக்குத் தள்ளக்கூடியது.

போட்டிக்குச் சில நாட்களுக்கு முன் நேரு அரங்கை ஒட்டிய நடைமேம்பாலம் இடிந்து விழுந்தது. பட்டியல் சாதியினருக்கான துணைத்திட்ட நிதி போட்டிப் பணிகளுக்குத் திருப்பப்பட்டது தவறு என்று நடுவண் அரசே 2010 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. மறுபுறம், இந்தியா 38 தங்கம் உட்பட 101 பதக்கங்கள் வென்று இரண்டாமிடம் பெற்றது. ஆகவே குறை வீரர்களிடம் இல்லை; திட்டமிடலிலும் கண்காணிப்பிலும் இருந்தது.

குறையும் போட்டியாளர்கள்

செலவுச் சுமையால் நகரங்கள் பின்வாங்குவதும் இன்று வழக்கமாகிவிட்டது. 2022 போட்டிகளை நடத்தும் உரிமையை டர்பன் 2017இல் இழந்தது. 2026 போட்டிகளிலிருந்து ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2023 ஜூலையில் விலகியது. விண்ணப்பிப்போர் குறையும்போது, தேர்வுக் குழு கடுமையான நிபந்தனை விதிக்கும் வலிமையும் குறைகிறது.

திருச்சியின் பங்கு

டோக்கியோ ஒலிம்பிக்கின் 4×400 மீட்டர் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடிய நால்வரில் ஆரோக்கிய ராஜீவ், சுபா வெங்கடேசன் ஆகிய இருவர் திருச்சி மாவட்டத்தவர். ரேவதி வீரமணி மதுரையைச் சேர்ந்தவர். 2024 ஜனவரியில் தமிழ்நாடு நடத்திய கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகள் சென்னையோடு நில்லாமல் திருச்சி, மதுரை, கோயம்புத்தூர் நகரங்களிலும் நடைபெற்றன. இது தேசிய அளவிலான போட்டியே. எனினும், ஒரே நகரில் எல்லாவற்றையும் குவிக்கத் தேவையில்லை என்பதை இது காட்டியது.

திருவரங்கம் தரும் ஒப்பீடு

பெருங்கூட்டத்தை ஏற்பது திருச்சிக்குப் புதிதன்று. திருவரங்கத்தில் பகல்பத்து, இராப்பத்து என நடைபெறும் வைகுண்ட ஏகாதசி விழா, ஆண்டுதோறும் அதே வீதிகளையும் அதே ஆயிரங்கால் மண்டபத்தையும் பயன்படுத்துகிறது. விழா முடிந்ததும் வீதிகள் குடியிருப்போரின் அன்றாடப் புழக்கத்துக்குத் திரும்புகின்றன. கோயில் விழாவும் விளையாட்டுப் போட்டியும் ஒன்றல்ல. ஓடுதளமும் நீச்சல் குளமும் கோரும் தரம் வேறு. ஆனால், கூட்டம் கலைந்த மறுநாள் அந்த இடம் யாருக்குப் பயன்படுகிறது என்ற கேள்வி இரண்டுக்கும் பொது.

மதிப்பீடு

ஏற்கெனவே உள்ள அரங்குகளையும் தற்காலிக அரங்குகளையும் பயன்படுத்துமாறு பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014 முதல் வலியுறுத்தி வருகிறது. இது சரியான திசை, ஆனால் போதுமானதன்று. 2036 ஒலிம்பிக் போட்டிகளை நடத்தவும் இந்தியா விருப்பம் தெரிவித்துள்ளது. அந்த விண்ணப்பத்தை மதிப்பிடுவோர், தொடக்க விழா அரங்கின் வரைபடத்தோடு, லால்குடியிலோ திருவெறும்பூரிலோ ஓடப் பழகும் ஒரு சிறுமிக்கு அப்போட்டியால் கிடைக்கப்போகும் ஓடுதளத்தையும் பயிற்றுநரையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதற்கு விடை இல்லாத விண்ணப்பம் முழுமையானதாகாது.