கடைசி வரிசை மேஜைகள்

செஸ்ஸில் எனக்குப் பிடித்தது கிராண்ட்மாஸ்டர்கள் ஆட்டமல்ல. சென்னையில் ஏதோவொரு கல்யாண மண்டபத்தில் நடக்கும் ஓபன் போட்டியில், கடைசி வரிசையில், வங்கி ஊழியர் ஒருவரும் எட்டாம் வகுப்புப் பையனும் ஆடுவதுதான். பெரிய ஆட்டத்தில் சின்னச் சாதகம் மெல்ல வளரும். இங்கே பத்து நகர்த்தலுக்குள் வெற்றி மூன்று முறை கைமாறும். விறுவிறுப்பு என்றால் இதுதான்.

பையன் குதிரையைத் தொட்டுவிட்டான். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது விதி. விரல் அதன் தலையிலேயே நிற்கிறது. எங்கே வைத்தாலும் சிப்பாய் ஒன்று போகும். எதிரே இருப்பவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாமல் நகர்த்தல் தாளில் எதையோ திருத்துகிறார். முதல் பக்கத்தில் முத்துமுத்தாக இருந்த கையெழுத்து, நேரம் கரையக் கரையக் கிறுக்கலாகிவிட்டது.

கடைசியில் பையனுக்கு யானையும் நடுச் சிப்பாயும். அவருக்கு ஒற்றை யானை. இதை டிரா செய்யச் செஸ் மேதை பிலிடோர் 1777லேயே வழி சொல்லிவிட்டார்: தன் பக்கத்து மூன்றாம் வரிசையில் யானையை நிறுத்தி எதிரி ராஜாவைத் தடு, சிப்பாய் அங்கே வந்ததும் யானையை எதிர்க்கோடிக்கு அனுப்பிப் பின்னாலிருந்து செக் கொடு. நாற்பது விநாடி மிச்சமிருக்கையில் பிலிடோர் யாருக்கு ஞாபகம் வருவார்? யானை கடைசி வரிசையில் பதுங்குகிறது. தோற்க வேண்டிய ஆட்டம். ஆனால் பையனுக்கும் ஜெயிக்கும் வழி தெரியவில்லை.

டிரா. கையெழுத்துப் போட்டுவிட்டு, நடுவர் விரட்ட, வெளியே போய் இருவரும் பலகையை மறுபடி அடுக்குகிறார்கள். எதிராளி கனவிலும் நினைக்காத ஆபத்துக்களுக்கெல்லாம் தான் பயந்திருந்தது அங்கேதான் ஒவ்வொருவருக்கும் தெரியவருகிறது.