குருமனையின் பின்கட்டு

சங்கரன்கோவிலில் ஐந்தாம் வகுப்பு சேர்ந்த முதல் நாள், பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்: "உங்க அப்பா என்ன வேலை?" "ஐயர்" என்றேன். கோமதியம்மன் கோவிலிலா என்று அடுத்த கேள்வி. தெற்கே, நாங்கள் அதுவரை இருந்த ஊர்களில், ஐயர் என்றால் சேகரத்துக் குருவானவர். அம்மா ஐயரம்மா. நாங்கள் ஐயர் பிள்ளைகள். கோவில் ஊருக்கு வந்ததும் அந்தச் சொல் வேறொரு வீட்டுக்கு வழி காட்டியது. அவளுக்கு நான் விளக்கி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

அப்பாவுக்கு இந்தப் பக்கம் மாற்றல் வந்தபோது, "தண்ணியில்லாக் காட்டுக்கா?" என்று சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்தார்கள். தென் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களுக்கு வடக்கு என்றால் அப்படித்தான். பழைய ஆவணங்களில் சங்கரநயினார்கோவில் தாலுகா என்று வரும் இந்தப் பகுதியும் சிவகாசி, சாத்தூர் பக்கமும் மிஷன் சரித்திரத்தில் 'வட திருநெல்வேலி'. சபைகள் அடர்ந்த தெற்குக்கு இது எல்லைப்புறம். 1854இல் ராக்லண்டு ஐயர் இங்கே கூடாரம் போட்டு ஊர் ஊராகப் போனதையும், 1858இல் சிவகாசியில் அவர் இறந்ததையும் ஞாயிறு பள்ளியில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கரிசல் மண், வெயில், கூடாரம், குதிரை. அவர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஓரிடத்தில் தங்காமல் சுற்றுகிற ஊழியத்துக்குக் குடும்பம் தோதுப்படாது என்பது அந்தத் திட்டத்துக்குள்ளேயே இருந்தது.

ஆனால் அவரோடு சேர்ந்து உழைத்த தமிழர்களுக்குக் குடும்பம் இருந்தது. டபிள்யூ. டி. சத்தியநாதன் அவர்களில் ஒருவர். 1860களின் தொடக்கத்தில் சென்னைக்குப் போவதற்குமுன் வட திருநெல்வேலி ஊழியத்தில் இருந்தவர். அவர் மனைவி அன்னா, 1830இலேயே குருப்பட்டம் பெற்ற ஜான் தேவசகாயத்தின் மகள். குருமனையில் பிறந்து குருமனைக்கே வாழ்க்கைப்பட்டவர். அவர்கள் மகன் சாமுவேல் பிறந்தது 1860இல். ஞாயிறு பள்ளியில் நான் கேட்ட கூடாரக் கதையில் இந்தக் கைக்குழந்தை எங்கேயும் அழுததில்லை. ஒருமுறை அப்பா ராக்லண்டு கதையைப் பிரசங்கத்தில் உருக்கமாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். அம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "அத்தன பேருக்கும் யாரு பொங்குனா?"

இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர்தான் கிருபாபாய். 1862இல் அகமத்நகரில் பிறந்தவர். தந்தை ஹரிபந்த், பிராமணராக இருந்து கிறிஸ்தவரானவர். கிருபாபாய் 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்க வந்து, சத்தியநாதன் வீட்டிலேயே தங்கினார். உடம்பு ஒத்துழைக்காததால் ஓராண்டோடு படிப்பு நின்றுபோனது. பிறகு சாமுவேலை மணந்தார். 32 வயதில், 1894இல் இறந்துபோனார். தன் பிள்ளைப் பருவத்தை அடித்தளமாக வைத்து அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'சகுணா', சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதழில் 1887-88இல் தொடராக வந்து, அவர் இறந்தபின் 1895இல் நூலானது. இந்தியப் பெண் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் தன்வரலாற்று நாவல் என்று இலக்கிய வரலாறுகள் குறிக்கின்றன. முதல் என்பதற்காக ஒரு நூலைப் படிக்கச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான் படித்தது வேறு காரணத்துக்காக: ஊழியக்காரர் வீட்டில் வளர்ந்த ஒரு பெண் பிள்ளை அந்த வீட்டை எப்படிப் பார்த்தாள் என்று தெரிந்துகொள்ள.

தன் கதையைச் சொல்ல உட்கார்ந்தவர், நூலின் கணிசமான முன்பகுதியை அம்மாவுக்குக் கொடுத்துவிடுகிறார். ராதா சிறுவயதில் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண். கணவன் வேறு மார்க்கத்துக்குப் போய்விட்டான் என்று தெரியவரும்போது பயந்து நடுங்குகிறாள். அவன் தேடினான், வாசித்தான், வாதிட்டான், முடிவெடுத்தான். அவளுக்கு அந்த முடிவு செய்தியாகத்தான் வருகிறது. தாய், உறவு, தெரு, தீட்டு, சமையல் எல்லாம் ஒரே நாளில் கையைவிட்டுப் போகின்றன. பின்னால் அவளும் மனம் மாறுகிறாள், நிம்மதி அடைகிறாள் என்று நூல் சொல்கிறது. விசுவாசம் வென்ற கதையாகத்தான் கிருபாபாய் இதை எழுதினார்; அதில் சந்தேகமில்லை. ஆனாலும் படித்து முடித்தபின் மனதில் நிற்பது அந்த வெற்றியல்ல, நடுங்குகிற பெண். எழுதியவரின் நோக்கத்தை அவருடைய கண்ணே மீறிவிட்ட இடம் இது. அம்மாவின் பயத்தை மகள் சுருக்கவில்லை, அதற்காக அவளைக் கடிந்துகொள்ளவும் இல்லை.

எங்கள் வீட்டில் மதம் மாறவில்லை, ஊர்தான் மாறியது. அம்மா ஆசிரியப் பயிற்சி முடித்தவள். மூன்றாவது மாற்றலோடு வேலையை விட்டாள். அவளிடம் யாரும் விடச் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அதன்பிறகு சம்பளம் இல்லாத உத்தியோகம்: பெண்கள் ஐக்கியம், ஓய்வுநாள் பள்ளி, அசனத்துக்குக் காய்கறிக் கணக்கு, கைப்பிடி அரிசி. தீப்பெட்டி ஆபீசுக்கும் விசைத்தறிக்கும் போகிற பெண்கள் உலையில் போடுமுன் ஒரு பிடியை ஊழியத்துக்கென்று எடுத்துவைத்து, மாதக் கடைசியில் பையில் கொண்டுவருவார்கள். அம்மா அதை எடைபோட்டு நோட்டில் எழுதுவாள். வடக்கே, இன்னும் வடக்கே போகிற மிஷனெரிமாருக்கான பணம் அந்த நோட்டு வழியாகத்தான் போனது. அறிக்கையில் சேகரத்தின் பெயரும் அப்பாவின் பெயரும் இருக்கும்.

அன்னா சத்தியநாதன் தமிழில் எழுதிய 'நல்ல தாய்' பிள்ளை வளர்ப்பு பற்றியது. தாய் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லித்தருவது. மருமகளின் நூலை மாமியாரின் நூலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே குடும்பத்துக்குள் கேள்வியே மாறியிருப்பது தெரிகிறது: தாய்க்கு என்ன நேர்ந்தது என்று கேட்கிறது இரண்டாவது. மாமியாரைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. சென்னையில் அன்னா நடத்திய பெண்கள் பள்ளிகளும் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்த ஏற்பாடும் இல்லாமல், அந்த வீட்டில் ஒரு மருத்துவ மாணவிக்கு இடம் கிடைத்திருக்குமா? சாமுவேல் பின்னர் மணந்த கமலா 1901இல் ஆங்கிலத்தில் பெண்களுக்கான மாத இதழ் தொடங்கியதும் இந்த வீட்டின் தொடர்ச்சிதான்.

'சகுணா'வோடு எனக்குச் சண்டை ஒன்று உண்டு. அதன் துணைத் தலைப்பு 'சுதேசக் கிறிஸ்தவ வாழ்வின் கதை' என்ற பொருள்படும். எந்தச் சுதேசக் கிறிஸ்தவர்? அண்ணன்மார் பாடம் படிக்கும்போது கூட உட்கார்ந்து சகுணா படிக்கிறாள்; அண்ணன் பாஸ்கர் அவளுக்கு மலையையும் புத்தகத்தையும் காட்டுகிறான். வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் இளக்காரத்தை அவள் சட்டென்று கண்டுகொள்கிறாள். அந்த ரோஷம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த ரோஷத்துக்கு அடியில், நாங்கள் யார் தெரியுமா என்ற பிறப்பின் பெருமையும் கிடக்கிறது. ஞானஸ்நானம் எடுத்தபின்னும் அது கழுவப்படவில்லை. எங்கள் வீட்டில் ஐயர் என்பது உத்தியோகம். அப்பா ஓய்வுபெற்ற அன்று அதுவும் போய்விட்டது, குருமனைச் சாவியும் போய்விட்டது, இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு அம்மா வாடகைக்கு வீடு தேடினாள். சகுணாவின் வீட்டில் அது ரத்தமாகவே இருந்தது. கைப்பிடி அரிசி கொண்டுவந்த பெண்களின் கிறிஸ்தவ வாழ்வு அந்தத் துணைத் தலைப்புக்குள் அடங்காது. தன்னைக் கீழே பார்க்கிறவரைச் சரியாகக் கண்டுகொண்டவர், தான் பார்க்கத் தவறியவர்களைக் கண்டுகொள்ளவில்லை.

நூல், சீமையில் படித்துத் திரும்பிய இளைஞனோடு கல்யாணத்தில் முடிகிறது. திருநெல்வேலிக் குருமனையிலிருந்து வந்த குடும்பத்துக்குள் அவள் காலெடுத்து வைக்கிற இடம் அது.

போன கோடையில் அம்மாவுக்கு இந்தக் கதையைத் தமிழில் சொன்னேன். ராதா வருகிற பகுதியில் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். முடிவைச் சொன்னதும் முகம் சுளித்தாள்.

"கல்யாணத்தோட முடிச்சிட்டாளா?"

"ஆமாம்மா."

"மாமியா வீட்ட பத்தி எழுதலையா?"

இல்லையென்றேன். அம்மா முறத்தை எடுத்துக்கொண்டாள்.